பாயிண்டைக் கடைசியில் எண்ணுங்கள்: பயணக் கிரெடிட் கார்டுகள் பற்றி ஓர் ஆய்வு

இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. புதிய கார்டுகளை விற்க வங்கிகள் கையில் எடுக்கும் ஆசைகளில் வலுவானது பயண ஆசை. விமான நிலைய லவுஞ்சில் இலவசச் சாப்பாடு, பாயிண்ட் சேர்த்தால் இலவச டிக்கெட், நட்சத்திர ஹோட்டலில் ஓரிரவு என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நடுத்தரக் குடும்பங்கள் போய்வருவது சாதாரணமாகிவிட்டது. இந்த வாக்குறுதிகளில் எவ்வளவு உண்மை, அவற்றால் லாபம் யாருக்கு, எதைப் பார்த்து ஒரு கார்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விகள் அதனால் பல வீடுகளில் எழுகின்றன.

விளம்பரம் சலுகைகளைச் சொல்லும் வரிசைக்கு நேர் எதிரான வரிசையில் நாம் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். விளம்பரத்தில் முதலில் வருவது லவுஞ்ச், அடுத்தது பாயிண்ட், பிறகு காப்பீடு. வெளிநாட்டுச் செலவுக்கான கட்டணமும் வட்டி விகிதமும் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். நம் பணம் மிச்சமாகிறதா கரைகிறதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கம்தான்.

மைல் வியாபாரமான கதை

இன்றைய கார்டு வணிகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் டைனர்ஸ் கிளப் 1950இல் நியூயார்க்கில் பிறந்தது. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கட்டும் ஏற்பாடு அது. 1960களில் அந்த அட்டை இந்தியாவுக்கு வந்தது. 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் சொந்த அட்டையை வெளியிட்டது. 1990இல் சிட்டி வங்கி வந்தபின் நகரங்களில் கார்டு பரவத் தொடங்கியது.

விமான நிறுவனங்களின் கதை தனியாக ஓடியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்துக்கு மைல், சேர்ந்த மைலுக்கு இலவச இருக்கை. அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் பிடித்துவைப்பதுதான் முதல் நோக்கம். அந்த மைல்களை வங்கிகளுக்கு மொத்த விலையில் விற்கலாம் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. வங்கி பணம் கொடுத்து மைல்களை வாங்கித் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. அதன்பின் பறக்காதவரும் மளிகை வாங்கியே மைல் சேர்க்க முடிந்தது.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. விமானங்கள் தரையில் நின்ற 2020இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. மறு ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தை ஈடாக வைத்து 1,000 கோடி டாலர் பெற்றது. விமானம் பறக்காதபோதும் கடன் கொடுப்பவர்கள் நம்பிப் பணம் போட்ட சொத்து மைல் திட்டம்தான். மைலை ‘இலவசம்’ என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சலுகைக்கான பணம் யாருடையது?

கார்டில் 100 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் கடைக்காரருக்கு முழு 100 ரூபாய் போய்ச் சேர்வதில்லை. சுமார் 2 சதவீதம் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பாயிண்டுக்கான பணத்தின் முதல் ஊற்று இது. கடைக்காரர் இந்தச் செலவையும் சேர்த்தே விலை வைக்கிறார். ஆகவே ரொக்கமாகக் கொடுப்பவரும் அந்த விலையையே கொடுக்கிறார்.

அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மறைமுகமாக விட்டுக்கொடுக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

இரண்டாவது ஊற்று வட்டி. பில் தொகையை முழுதாகக் கட்டாமல் தள்ளிப்போடுகிறவர்கள் கொடுக்கும் வட்டியில்தான் மற்றவர்களின் விமான டிக்கெட்டுக்கு ஒரு பங்கு வருகிறது. 2023இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, கார்டைக் கவனமாகக் கையாளத் தெரியாதவர்களிடமிருந்து தெரிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுவதாக மதிப்பிட்டது. கடன் மதிப்பெண் குறைந்தவர்களிடமிருந்து கூடியவர்களுக்கும், படிப்புக் குறைந்த வட்டாரங்களிலிருந்து படித்த வட்டாரங்களுக்கும் அந்தப் பணம் போகிறது. இந்தியாவுக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கும் பாயிண்ட் திட்டம் நடப்பது இதே இயக்கத்தில்தான்.

மூன்றாவதாக ஒன்றுண்டு. கார்டு கையில் இருந்தால் நாம் அதிகம் செலவழிக்கிறோம். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட இரு மடங்கு வரை அதிகம் கேட்டார்கள். 2 சதவீதப் பாயிண்டுக்காகச் செலவு 10 சதவீதம் கூடிப்போனால் லாபம் வங்கிக்குத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது வட்டி

நம் நாட்டில் பெரும்பாலான கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 42 முதல் 45 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்துவிட்டது. ஆகவே இன்று வட்டிக்கு அப்படியொரு உச்சவரம்பு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் மட்டும் கட்டுகிறார் ஒருவர். மீதி 57,000 ரூபாய்க்கு 3.75 சதவீத வட்டி 2,137 ரூபாய் 50 காசு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஒரு மாதத்துக்குச் சுமார் 2,522 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டு முழுவதும் சேர்த்த பாயிண்டின் மதிப்பில் பெரும்பகுதியை மூன்று மாத வட்டி விழுங்கிவிடும்.

பில்லை எல்லா மாதமும் முழுதாகக் கட்ட முடியாத நிலையில் இருப்பவருக்கு எந்தப் பயணக் கார்டும் ஏற்றதல்ல. அவருக்கு வேண்டியது குறைந்த வட்டிக் கடனும், பழைய பாக்கியை அடைக்கும் திட்டமும்தான். கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. வெளிநாட்டில் அவசரத்துக்கு இப்படிப் பணம் எடுப்பதே பயணிகள் செய்யும் செலவுகளில் மிக வீணானது.

அடுத்தது ஆண்டுக் கட்டணம்

5,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 5,900. 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தரும் கார்டில் ஆண்டுக்கு 6 லட்சம் செலவழித்தால் 12,000 பாயிண்ட் சேரும். ஒரு பாயிண்டை 1 ரூபாய் மதிப்புக்கு மாற்ற முடிந்தால் 12,000 ரூபாய். கட்டணம் போக மிச்சம் 6,100. ஒரு பாயிண்டுக்கு 50 காசுதான் கிடைக்கிறது என்றால் வரவு 6,000. மிச்சம் வெறும் 100 ரூபாய்.

இந்த இடத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டணமே இல்லாமல் 1 சதவீதம் பணமாகத் திருப்பித் தரும் சாதாரணக் கார்டில் இதே 6 லட்சத்தைச் செலவழித்திருந்தால் 6,000 ரூபாய் கையில் வந்திருக்கும். ஆகவே பயணக் கார்டின் உண்மையான கூடுதல் லாபம், பாயிண்டை முழு மதிப்புக்கு மாற்றத் தெரிந்தவருக்கே ஆண்டுக்கு 100 ரூபாய். தெரியாதவருக்கு 5,900 ரூபாய் நஷ்டம். கார்டுகளை ஒப்பிடும்போது சுழியத்தோடு ஒப்பிடாமல், கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டோடு ஒப்பிட வேண்டும்.

எந்தச் செலவுக்குப் பாயிண்ட் இல்லை என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிட வேண்டும். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல், மாதத் தவணையாக மாற்றிய பொருள்கள் ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்ட் கிடையாது. காப்பீட்டு பிரீமியத்துக்கும் அரசுக் கட்டணங்களுக்கும் சில கார்டுகளில் உச்சவரம்பு உண்டு. 6 லட்சம் செலவில் 2 லட்சம் இந்தப் பட்டியலில் விழுந்தால் மேலே போட்ட கணக்கு தலைகீழாகும். கார்டில் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் என்று கேட்கும் டிராவல் ஏஜெண்டிடம் கார்டை நீட்டினால் பாயிண்ட் கணக்கே முடிந்துவிடுகிறது.

கடல் கடந்தால் கட்டணம்

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது, அன்றைய நாணய மாற்று விகிதத்தின் மேல் வங்கி ஒரு சதவீதத்தைச் சேர்க்கிறது. ஃபாரெக்ஸ் மார்க்கப் எனப்படும் இது பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதம். அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆக மொத்தம் 4.13 சதவீதம். ஒரு குடும்பம் சிங்கப்பூரில் 2 லட்சம் ரூபாய் செலவழித்தால் 8,260 ரூபாய் இப்படிப் போகும். 2 சதவீதம் வசூலிக்கும் கார்டில் அது 4,720. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது சந்தையில் உள்ளன. ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வந்த ஸ்கேபியா அவற்றில் ஒன்று. வெளிநாட்டுச் செலவுக்கு 2 சதவீதப் பாயிண்ட் கொடுத்துவிட்டு 4.13 சதவீதம் எடுத்துக்கொள்ளும் கார்டு பயணக் கார்டு என்ற பெயருக்கே தகுதியற்றது.

இன்னொரு பொறி கடையின் இயந்திரத்தில் இருக்கிறது. ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?’ என்று அது கேட்கும். தெரிந்த எண்ணாக இருக்கிறதே என்று ரூபாயைத் தொட்டால், கடைக்காரரின் சேவை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்று விகிதத்தைப் போட்டுக்கொள்ளும். அது அநேகமாக மோசமான விகிதமாகத்தான் இருக்கும். சில வங்கிகள் அதன் மேலும் ஒரு கட்டணம் போடுகின்றன. எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரி விதிகளையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவை, வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கான தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்துக்குள் கொண்டுவர மத்திய அரசு 2023 மே மாதம் அறிவிக்கை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் ஜூன் இறுதியில் அதை ஒத்திவைத்தது. முன்கூட்டியே பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டு அந்தத் திட்டத்துக்குள் வருகிறது. அதன் கீழ் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் முன்வரி பிடிக்கப்படும் என்ற வரம்பு 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஃபாரெக்ஸ் கார்டில் விகிதம் முன்பே உறுதியாகிவிடுகிறது. ஆனால் ஹோட்டலும் வாடகைக் கார் நிறுவனமும் முன்பணத்தை நிறுத்திவைக்கும்போது நம் சொந்தப் பணமே முடங்கிவிடும். கிரெடிட் கார்டில் முடங்குவது கடன் வரம்பு மட்டுமே.

புறப்படும் முன் செய்ய வேண்டிய ஒன்று: புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்ட நிலையிலேயே வர வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிச் செயலியில் நாமே அதைத் திறந்து, உச்சவரம்பு வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் மூடிவிட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் கிட்டத்தட்ட எங்கும் செல்லும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸை ஏற்காத சிறு கடைகள் பல. ரூபே கார்டு பல நாடுகளில் டிஸ்கவர், டைனர்ஸ் வலைப்பின்னல் வழியாகவே செல்கிறது. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐயும் ஏற்கப்படுவதால், அங்கே போகிறவர்கள் சிறு செலவுகளுக்குக் கார்டையே எடுக்காமல் இருக்கலாம்.

காப்பீடும் பணம் மீட்கும் உரிமையும்

பயணக் கார்டோடு வரும் விபத்துக் காப்பீடு, பெட்டி தொலைந்தால் ஈடு, வெளிநாட்டு மருத்துவச் செலவு ஆகியவை தாளில் பெரிதாகத் தெரியும். டிக்கெட்டை அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும், கடந்த சில வாரங்களுக்குள் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அவற்றைச் சுற்றி நிற்கும். இது வங்கி எடுத்த குழுக் காப்பீடு என்பதால் வங்கி நினைத்தால் நிறுத்தலாம். எஸ்பிஐ கார்டு நிறுவனம் எலீட், மைல்ஸ் எலீட் போன்ற சில கார்டுகளுக்கு இலவசமாகத் தந்துவந்த 1 கோடி ரூபாய் விமான விபத்துக் காப்பீட்டை 2025 ஜூலை மாதம் நிறுத்தியது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. கார்டை நம்பாமல் தனிப் பயணக் காப்பீடு எடுப்பதே பாதுகாப்பு.

யாரும் விளம்பரம் செய்யாத நன்மை ஒன்று கார்டில் இருக்கிறது. பணம் வாங்கிய நிறுவனம் சேவையைத் தராவிட்டால், கார்டு வலைப்பின்னலின் விதிப்படி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சார்ஜ்பேக் என்பது இதன் பெயர். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது ஏராளமானோர் கையில் டிக்கெட்டோடு நின்றார்கள். திவாலான நிறுவனத்திடம் ரொக்கம் கொடுத்தவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். கார்டில் கட்டியவருக்குத் தன் வங்கியிடம் முறையிடும் வழி இருந்தது. பல மாதம் முன்பே டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஆயிரம் பாயிண்டைவிட இந்த உரிமை பெரிது.

கார்டு திருட்டுப் போனாலும் சட்டம் துணை நிற்கிறது. நம் தவறின்றி, வங்கியின் தவறுமின்றி, மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு ஏதும் இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி.

பாயிண்டின் உண்மை விலை

இத்தனையும் பார்த்த பிறகே பாயிண்டுக்கு வர வேண்டும். பாயிண்டைச் செலவிட மூன்று வழிகள் உண்டு. பொருளாகவோ வவுச்சராகவோ வாங்குவது முதல் வழி. இதில்தான் மதிப்பு பொதுவாகக் குறைவு. வங்கியின் தளத்தில் விமானம், ஹோட்டல் பதிவு செய்வது இரண்டாவது, நடுத்தர மதிப்பு. விமான நிறுவனத்தின் மைலாக மாற்றுவது மூன்றாவது. அதிக மதிப்பு கிடைப்பதும் இதில்தான், அதிக உழைப்பு கேட்பதும் இதில்தான்.

வங்கித் தளத்தில் பல மடங்கு பாயிண்ட் என்று அறிவிப்பு வரும்போது, அதே இருக்கை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று பார்த்துவிட வேண்டும். தேதியை மாற்றவோ டிக்கெட்டை ரத்துசெய்யவோ நேர்ந்தால் இடைத்தரகர் வழியாகவே போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மைலின் விலையை அளக்க எளிய வழி இருக்கிறது. ரொக்க விலையிலிருந்து, மைல் கொடுத்த பிறகும் நாம் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு டிக்கெட் 18,000 ரூபாய். மைலில் எடுத்தால் 12,500 மைலும் 3,000 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்வோம். 15,000ஐ 12,500ஆல் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 20 காசு. நல்ல மதிப்புதான். ஆனால் அதே ஊருக்கு அதே நாளில் மலிவு விலை விமானம் 9,000 ரூபாய்க்குப் போகிறது, ரொக்கம் கொடுப்பதாக இருந்தால் நாம் அதில்தான் போயிருப்போம் என்றால், கழித்து வரும் மிச்சம் 6,000. மைலின் மதிப்பு 48 காசு. மைல் இல்லாவிட்டால் நாம் எதை வாங்கியிருப்போமோ அந்த விலையோடு ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை மைலில் எடுத்து ‘ஒரு மைலுக்கு 3 ரூபாய் கிடைத்தது’ என்று சொல்பவர்கள், அந்த டிக்கெட்டுக்கு ரொக்கம் கொடுத்திருப்பார்களா என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து பறப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்துக்குப் பல இந்திய வங்கிகளின் பாயிண்டை மாற்ற முடியும். ஆனால் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. எந்த விமானம், எந்தத் தேதி, இருக்கை இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வங்கிப் பாயிண்டை மைலாக மாற்ற வேண்டும். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது.

தேய்ந்துபோகும் மதிப்பு

பாயிண்ட் என்பது வங்கி தரும் வாக்கு. அந்த வாக்கின் மதிப்பைக் குறைக்கும் அதிகாரத்தையும் வங்கி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு இதற்குத் தெளிவான சான்று. மாதம் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் கூடுதலாக 25,000 பாயிண்ட். 5 பாயிண்ட் கொடுத்தால் 4 மைல். இந்தியாவின் மிகச் சிறந்த பயணக் கார்டு என்று பலராலும் கொண்டாடப்பட்டது அது. 2023 செப்டம்பர் 1 அன்று மாதாந்திரப் பரிசு நின்றது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு 5 பாயிண்டுக்கு 2 மைல் என்று விகிதம் பாதியாகியது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆக உயர்ந்தது. சேர்த்துவைத்திருந்தவர்களின் பாயிண்ட் எண்ணிக்கை குறையவில்லை. அதை வைத்து வாங்க முடிந்த மைல் பாதியாகக் குறைந்தது.

விமான நிறுவனம் மறைந்துபோவது இன்னொரு வகை ஆபத்து. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. எஸ்பிஐ கார்டு, ஆக்சிஸ், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் உள்ளிட்டவை விஸ்தாரா பெயரில் வெளியிட்டிருந்த கார்டுகளுக்கு அடிப்படையே போய்விட்டது. சேர்ந்திருந்த பாயிண்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்று ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாறின. ஆனால் அந்தக் கார்டுகளை வாங்கத் தூண்டிய இலவச டிக்கெட் சலுகைகள் தொடரவில்லை. ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும் அதன் மைல் திட்டம் வேறு பெயரில் பிழைத்தது. அந்த மைலைக் கொண்டு ஏறுவதற்கு ஜெட் விமானம்தான் இல்லை. ஒரே விமான நிறுவனத்தோடு கட்டிப்போடும் கார்டைவிட, பல திட்டங்களுக்கு மாற்றக்கூடிய பாயிண்ட் தரும் கார்டு ஏன் பத்திரமானது என்பதை இந்த இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

வங்கிகள் சலுகைகளைக் குறைப்பதற்குக் காரணங்களும் உள்ளன. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டுக் கடனுக்கு வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தைக் கணக்கிடும் இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. வங்கிக்குச் செலவு கூடியது. சலுகைகளை மட்டுமே குறிவைத்துச் செலவழித்த வாடிக்கையாளர்களால் வந்த நஷ்டமும் சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது: பாயிண்டைச் சேமிப்பாக நினைக்கக் கூடாது. ஒரு பயணத்துக்குத் தேவையானது சேர்ந்ததும் செலவழித்துவிட வேண்டும்.

லவுஞ்ச், கடைசியாக

லவுஞ்ச் சலுகையின் மதிப்பை அதன் வாசலில் எழுதியிருக்கும் கட்டணத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. விமான நிலையத்தில் நம் சொந்தப் பணத்தில் என்ன சாப்பிட்டிருப்போமோ, அதுதான் மதிப்பு. பெரும்பாலானோருக்கு அது சில நூறு ரூபாய்.

அந்தச் சில நூறு ரூபாயும் இப்போது நிபந்தனையோடுதான் கிடைக்கிறது. 2023 டிசம்பர் முதல் எச்டிஎஃப்சி ரெகாலியா கார்டில் ஒரு காலாண்டுக்கு 1 லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் என்றானது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் என்று வைத்து, அதே ஆண்டு நவம்பரில் 75,000 ஆக உயர்த்தியது. லவுஞ்ச் சேவையை இணைத்துவந்த டிரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025இல் உள்நாட்டு லவுஞ்ச் வணிகத்தையே நிறுத்தியது. ஆண்டுக்கு இரண்டு முறை பறப்பவர் லவுஞ்சுக்காக 1 லட்சம் ரூபாய்ச் செலவைத் துரத்துவதில் அர்த்தமே இல்லை.

ரயிலில் போகிறவர்களுக்கு

நம் ஊரில் பயணம் என்றால் பெரும்பாலும் ரயில். ஐஆர்சிடிசியோடு சேர்ந்து எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, பாங்க் ஆஃப் பரோடா கார்டுகள் வந்துள்ளன. ஐஆர்சிடிசி எஸ்பிஐ பிரீமியர் கார்டு, ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி வகுப்பு டிக்கெட் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயிண்டாகத் தருகிறது. ஒரு பாயிண்ட் 1 ரூபாய், அதையும் ரயில் டிக்கெட்டுக்கே பயன்படுத்தலாம். ஆண்டுக் கட்டணம் 1,499 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வந்தே பாரத்திலோ மூன்றடுக்கு ஏசியிலோ குடும்பத்தோடு அடிக்கடி போய்வருபவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவருக்கு இந்த 10 சதவீதம் கிடையாது. அவர் இந்தக் கார்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

யாருக்கு எது?

மேலே சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் நான்கு வகை மனிதர்கள் தெரிகிறார்கள்.

பில்லை முழுதாகக் கட்ட முடியாத மாதங்கள் வருபவர்: பயணக் கார்டு வேண்டாம். டெபிட் கார்டும் யுபிஐயும் போதும்.

ஆண்டுக்கு ஓரிரு உள்நாட்டுப் பயணம், 3 லட்சம் ரூபாய்க்குள் கார்டு செலவு: கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டு ஒன்று. ரயிலில் அதிகம் போகிறவர் என்றால் ரயில் கார்டு.

ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாடு போகிறவர், அல்லது வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துவரும் பெற்றோர்: மார்க்கப் இல்லாத அல்லது 2 சதவீதத்துக்கு மேல் போகாத கார்டு; அவசரத்துக்கு வேறு வலைப்பின்னலைச் சேர்ந்த இன்னொரு கார்டு; தனிப் பயணக் காப்பீடு.

ஆண்டுக்கு 8, 10 லட்சத்துக்கு மேல் இயல்பாகவே கார்டில் செலவழிப்பவர், தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளவர், விதிகளைப் படிக்கப் பொறுமை உள்ளவர்: மைலாக மாற்றக்கூடிய பாயிண்ட் தரும் உயர்நிலைக் கார்டு இவருக்கு லாபம். மற்றவர்களுக்கான விளம்பரங்களிலும் காட்டப்படுபவர் இவர்தான்.

தன் வகையைத் தெரிந்துகொள்ள, கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்துச் செலவுகளைப் பிரித்து எழுதினால் போதும். ஒரு மாலை நேர வேலை. எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் அதற்கு ஈடாகாது.

மாற வேண்டியது

தனிமனிதரின் கவனம் மட்டும் போதாது. ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த கார்டு நெறிமுறைகள் நல்ல தொடக்கம். கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கட்டணங்களை மாற்றக் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். 2024இல் வந்த திருத்தம், எந்த வலைப்பின்னல் கார்டு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பெரிய வங்கிகளின் வாடிக்கையாளருக்குத் தந்தது.

அடுத்த படியாக இரண்டு விதிகள் தேவை. ஒரு பாயிண்ட் மிகக் குறைந்தது எத்தனை காசு பெறும் என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிய வங்கி, அந்த ஆண்டு முடியும்வரை பாயிண்டின் மாற்று விகிதத்தையும் சலுகைகளையும் குறைக்கக் கூடாது. ஓராண்டுக்கான விலையை வாங்கியவர் ஓராண்டுக்கான பொருளைத் தர வேண்டும் என்பது எந்த வணிகத்துக்கும் பொது நியாயம். அந்த நியாயம் சட்டமாகும்வரை, பாயிண்டைக் கடைசியில் எண்ணுகிற வாடிக்கையாளர்தான் தன் பணத்துக்குத் தானே காவல்.